சிறு நரம்பிழை நோய்

சிறு நரம்பிழை நோய் என்பது வலி, சூடு, குளிர் ஆகிய உணர்வுகளைக் கொண்டு செல்லும் மெல்லிய நரம்பிழைகள் பழுதடைவதால் ஏற்படும் புற நரம்பு நோய் வகைகளுள் ஒன்றாகும். ஆங்கில மருத்துவ வழக்கில் இது ஸ்மால் ஃபைபர் நியூரோபதி எனப்படும். பெரும்பாலும் பாதங்களில் எரிச்சலாகத் தொடங்கி, மெல்ல மெல்லக் கணுக்கால், கெண்டைக்கால் என மேலேறுவது இதன் இயல்பு. தசைகளின் வலிமையும் நடையும் கெடாமல் இருப்பதாலும், வழக்கமான நரம்புக் கடத்தல் சோதனை இயல்பான முடிவையே தருவதாலும் இந்நோய் நெடுங்காலம் கண்டறியப்படாமல் போவதுண்டு. "சோதனையில் ஒன்றுமில்லை" என்ற விடையுடன் பல ஆண்டுகள் கால்வலியைச் சுமந்து வாழ்வோருள் ஒரு பகுதியினருக்கு இந்நோயே காரணமாக உள்ளது.

நெதர்லாந்தின் தென்பகுதியில் நடத்தப்பட்டு 2013 ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, ஒரு இலட்சம் பேரில் குறைந்தது 53 பேருக்கு இந்நோய் உள்ளதென மதிப்பிட்டது. கண்டறியப்பட்டவர்களை மட்டுமே கணக்கிற் கொண்டமையால் இதனைக் குறைந்த அளவு மதிப்பீடாகவே கொள்ள வேண்டும்.

நரம்பிழைகளின் வகைகள்

ஒரு நரம்பு என்பது தனியொரு கம்பி அன்று. பல்லாயிரம் இழைகள் சேர்ந்த கட்டு ஆகும். இவ்விழைகள் தடிமனாலும் வேகத்தாலும் வேறுபடுகின்றன.

• பெரிய இழைகள்: மயலின் எனப்படும் கொழுப்பு உறையால் தடித்துப் போர்த்தப்பட்டவை. தசை இயக்கம், தொடு உணர்வு, அதிர்வு உணர்வு, மூட்டுகளின் நிலையை அறியும் உணர்வு ஆகியவற்றைக் கடத்துகின்றன.
• ஏ-டெல்டா இழைகள்: மெல்லிய மயலின் உறை கொண்டவை. குளிர் உணர்வையும் சுரீரென்ற கூர்மையான வலியையும் கடத்துகின்றன. இவற்றின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 5 முதல் 30 மீட்டர் வரை ஆகும்.
• சி இழைகள்: மயலின் உறை அற்றவை. சூடு, அரிப்பு, எரிச்சலான வலி ஆகியவற்றைக் கடத்துகின்றன. இவற்றின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 0.5 முதல் 2 மீட்டர் மட்டுமே.

கால் விரல் கல்லில் இடித்துக் கொள்ளும்போது இவ்வேறுபாட்டை எவரும் உணரலாம். முதலில் சுரீரென ஒரு வலி தோன்றி, ஒரு நொடி கழித்தே எரிச்சலுடன் கூடிய மந்தமான வலி பரவுகின்றது. முதல் வலி ஏ-டெல்டா இழைகள் வழியாகவும் இரண்டாவது வலி சி இழைகள் வழியாகவும் வந்து சேர்கின்றது.

பின்னிரு வகைகளுமே சிறு நரம்பிழைகள் எனப்படுகின்றன. வியர்வை, இதயத் துடிப்பு, குருதிக் குழாய்களின் சுருக்கம், செரிமானம் முதலியவற்றை ஆளும் தன்னியக்க நரம்புகளும் பெரும்பாலும் இவ்வகையினவே. எனவே, இந்நோய் வலியோடு நில்லாமல் உடலின் பிற செயற்பாடுகளையும் பாதிக்கக் கூடும்.

அறிகுறிகள்

நரம்பிழைகளுக்கு உயிரூட்டும் கலவுடல்கள் முதுகுத் தண்டின் அருகே உள்ளன. அங்கிருந்து பாதம் வரை செல்லும் இழைகளே உடலில் மிக நீளமானவை ஆதலால், பெரும்பாலானவர்களில் அவற்றின் நுனியே முதலில் பழுதடைகின்றது. இரு பாதங்களிலும் ஒத்த அளவில் தொடங்கி மேலேறும் இவ்வகை "நீளம் சார்ந்த" வகை எனப்படும். வேறு சிலரில் முகம், உடற்பகுதி, தொடை எனத் திட்டுத் திட்டாகத் தோன்றும். இவ்வகையில் நரம்புக் கலவுடல்களே பாதிக்கப்பட்டிருக்கலாம்.

உணர்வு சார்ந்த அறிகுறிகள்:

• உள்ளங்கால் எரிச்சல் அல்லது காந்தல். இது இரவில் மிகும்
• ஊசி குத்துவது போன்ற உணர்வு, மின்சாரம் பாய்வது போன்ற அதிர்ச்சி
• எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, மதமதப்பு, மரத்துப் போதல்
• போர்வை அல்லது காலுறை பட்டாலே வலித்தல்
• சூட்டையும் குளிரையும் பிரித்தறிய இயலாமை

தன்னியக்க நரம்பு சார்ந்த அறிகுறிகள்:

• பாதங்களில் வியர்வை குறைதல் அல்லது மிகுதல்
• தோல் நிற மாற்றம்
• கண், வாய் உலர்தல்
• எழுந்து நிற்கையில் தலைச்சுற்றல், படபடப்பு
• மலச்சிக்கல், வயிற்றுப் பொருமல், சிறுநீர் கழிப்பதில் இடர்

ஒரே நரம்பு வலியையும் உணர்விழப்பையும் ஒருங்கே தருவது முரணாகத் தோன்றலாம். பழுதடைந்த இழை வெளியிலிருந்து வரும் தூண்டலைச் சரிவர ஏற்பதில்லை. அதே வேளையில் தூண்டலின்றித் தானாகவே மின் துடிப்புகளை எழுப்புகின்றது. எனவேதான் தீக்கனல் மேல் நிற்பது போல எரியும் பாதம், உண்மையான சூட்டை உணராமற் போகின்றது.

காரணங்கள்

நீரிழிவு நோயே மிகப் பரவலாக அறியப்பட்ட காரணம் ஆகும். நீரிழிவு என வரையறுக்கப்படும் அளவை எட்டாத, முன்நீரிழிவு நிலையிலும் சிறு நரம்பிழைகள் பழுதடைந்திருக்கக் காணப்பட்டுள்ளது. எனவே, வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்பாக இருப்பினும், குளுக்கோஸ் பருகி இரண்டு மணி நேரம் கழித்துச் செய்யப்படும் சோதனை பரிந்துரைக்கப்படுகின்றது. நெடுங்காலம் உயர்ந்திருந்த சர்க்கரை, சிகிச்சையால் மிக விரைவாகக் குறைக்கப்படும்போதும் சிலருக்குக் கடுமையான எரிச்சல் வலி தோன்றுவதுண்டு.

பிற காரணங்கள்:

• உயிர்ச்சத்துக் குறைபாடு: பி12 உயிர்ச்சத்துக் குறைவு நரம்புகளைப் பாதிக்கும். நீரிழிவுக்கான மெட்ஃபார்மின் மருந்தை நெடுங்காலம் உட்கொள்வோரிடம் பி12 அளவு குறையக் கூடும்.
• உயிர்ச்சத்து மிகை: பி6 உயிர்ச்சத்தை அளவு கடந்து உட்கொள்வதும் நரம்பைக் கெடுக்கும் என்பது 1983 ஆம் ஆண்டு முதல் அறியப்பட்டுள்ளது. நரம்புக்கு நல்லதென மருத்துவர் சொல்லாமலேயே சத்து மாத்திரைகளைப் பல மாதங்கள் விழுங்குவது நோயைக் கூட்டவும் கூடும்.
• மதுப்பழக்கம், தைராய்டுச் சுரப்புக் குறைவு
• தன்னெதிர்ப்பு நோய்கள்: ஷோகிரன் நோய், சார்காய்டோசிஸ், சீலியாக் நோய்
• தொற்றுகள்: எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி சி, தொழுநோய்
• மருந்துகள்: சில புற்றுநோய் மருந்துகள், நெடுநாள் உட்கொள்ளப்படும் மெட்ரோனிடசோல் போன்றவை
• மரபு நோய்கள்: ஃபேப்ரி நோய், டிரான்ஸ்தைரெட்டின் அமிலாய்டு நோய், சோடியம் வாயில் மரபணு மாற்றங்கள்

தொழுநோய் இந்தியாவைப் பொறுத்தவரை தனித்துக் குறிப்பிடத் தக்கது. மைக்கோபாக்டீரியம் லெப்ரே என்னும் நுண்ணுயிர் தோலில் உள்ள நரம்பிழைகளையே முதலில் தாக்குவதால், தோலில் தோன்றும் தேமலில் சூடும் ஊசிக் குத்தும் உறைக்காமற் போகும். உலகில் ஆண்டுதோறும் கண்டறியப்படும் புதிய தொழுநோயாளர்களில் மிகுதியானோர் இந்தியாவிலேயே உள்ளனர். 1981 ஆம் ஆண்டு உலக நலவாழ்வு அமைப்பு பரிந்துரைத்த பன்மருந்துச் சிகிச்சையால் இது குணமாகும். இம்மருந்துகள் இலவசமாகவே வழங்கப்படுகின்றன. எனவே, உணர்வற்ற தேமலுடன் கால் மரத்துப் போகும் எவரும் தயக்கமின்றி மருத்துவரை நாட வேண்டும்.

குழந்தைப் பருவத்திலிருந்தே காய்ச்சலின் போதும் ஓடியாடும் போதும் கை கால்களில் எரிச்சல் வலி வந்து, வியர்வையும் குறைவாக இருந்தால் ஃபேப்ரி நோய் ஐயுறப்படும். ஆல்ஃபா காலக்டோசிடேஸ் ஏ என்னும் நொதியின் குறைபாட்டால் வரும் இந்நோய்க்கு 2001 ஆம் ஆண்டு முதல் நொதி ஈட்டுச் சிகிச்சை உள்ளது.

இத்தனை சோதனைகளுக்குப் பின்னரும், பல ஆய்வுகளில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரையிலான நோயாளிகளுக்குக் காரணம் புலப்படுவதில்லை. இது காரணம் அறியா வகை எனப்படும். காரணம் தெரியவில்லை என்பது நோய் இல்லை என்பதாகாது.

மரபணுவும் வலியும்

வலியை உணரும் நரம்புக்கலங்களின் சுவரில் சோடியம் அயனிகளை உள்ளே விடும் வாயில்கள் உள்ளன. இவற்றுள் நாவ் 1.7 எனப்படும் வாயிலை எஸ்.சி.என்.9ஏ என்னும் மரபணு உருவாக்குகின்றது. 2004 இல், கை கால்கள் சிவந்து எரியும் எரித்ரோமெலால்ஜியா என்னும் நோய் இம்மரபணு மாற்றத்தால் வருவதாகச் சீன ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். 2006 இல், வடக்குப் பாகிஸ்தானைச் சேர்ந்த சில குடும்பங்களில் பிறவியிலிருந்தே வலியை அறியாதோரிடம் இதே மரபணு செயலிழந்திருப்பது காட்டப்பட்டது. ஒரே வாயில் அளவு மீறித் திறந்தால் தீராத வலியும், திறவாமற் போனால் வலியின்மையும் விளைகின்றன.

2012 இல், தோல் திசுச் சோதனையால் உறுதி செய்யப்பட்ட, காரணம் அறியாச் சிறு நரம்பிழை நோய் கொண்ட 28 பேரில் 8 பேரிடம் இம்மரபணுவில் மாற்றங்கள் காணப்பட்டன. காரணமற்றது எனக் கருதப்பட்ட வலிக்கு மூலக்கூறு அளவில் காரணம் இருக்கக் கூடும் என்பதை இது உணர்த்தியது.

நோய் கண்டறிதல்

வழக்கமான சோதனைகளின் எல்லை

கால் எரிச்சலுடன் வருவோருக்குப் பொதுவாக நரம்புக் கடத்தல் சோதனையும் எலக்ட்ரோமயோகிராம் எனப்படும் தசை மின்பதிவும் செய்யப்படுகின்றன. நரம்புக் கடத்தல் சோதனையில் தோலின் மேல் சிறு மின் தூண்டல் தரப்பட்டு, அது கடக்கும் வேகமும் அளவும் பதிவு செய்யப்படுகின்றன. இதில் பதிவாவது விரைந்து செல்லும் பெரிய இழைகளின் மின் அலையே. மெதுவாகச் செல்லும் சிறு இழைகளின் நுண்ணிய அலை அதில் புலப்படாது. எனவே, சிறு இழைகள் மட்டுமே பழுதடைந்த நிலையில் இச்சோதனை முற்றிலும் இயல்பாக அமையும். முதுகுத் தண்டின் எம்.ஆர்.ஐ. படத்திலும் எதுவும் தெரியாது. அதில் தற்செயலாகத் தென்படும், வயதுக்கேற்ற தட்டுத் தேய்வே வலிக்குக் காரணம் எனக் கொள்ளப்படுவதும் உண்டு.

இயல்பான முடிவு பயனற்றதன்று. பெரிய இழைகளும் தசைகளும் நலமாக உள்ளன என்பதை அது காட்டுகின்றது. ஆனால், "நரம்புக் கோளாறே இல்லை" என்ற முடிவுக்கு அதனை மட்டும் கொண்டு வர இயலாது.

உடற் பரிசோதனை

குண்டூசி முனையால் மெல்லக் குத்தியும், குளிர்ந்த உலோகத்தைத் தொடுவித்தும் பாதத்தின் உணர்வு, உடலின் பிற பகுதியுடன் ஒப்பிடப்படுகின்றது. இவ்வுணர்வுகள் குன்றியும், அதிர்வு உணர்வு, தசை வலிமை, கணுக்கால் அனிச்சை ஆகியவை இயல்பாகவும் இருப்பின் இந்நோய் ஐயுறப்படும்.

தோல் திசுச் சோதனை

நோயை உறுதி செய்யும் முதன்மைச் சோதனை இதுவாகும். வெளிக் கணுக்கால் எலும்பிற்கு 10 சென்டிமீட்டர் மேலே, மரப்பு ஊசி இட்டபின் 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள தோல் துண்டு எடுக்கப்படுகின்றது. ஒப்பீட்டுக்காகத் தொடையின் மேற்பகுதியிலும் மற்றொரு துண்டு எடுக்கப்படலாம். தையல் தேவையில்லை. பி.ஜி.பி. 9.5 என்னும் புரதத்தைப் பற்றும் எதிர்ப்பொருளால் நிறமூட்டி, மேற்றோலுக்குள் நுழையும் இழைகள் நுண்ணோக்கியில் எண்ணப்படுகின்றன. ஒரு மில்லிமீட்டர் நீளத்திற்கு எத்தனை இழைகள் என்ற எண்ணிக்கை, அதே வயதும் பாலும் உடைய நலமானவர்களின் அளவுடன் ஒப்பிடப்படும். வயது ஏறுந்தோறும் இழைகள் இயல்பாகவே குறைவதால் இவ்வொப்பீடு இன்றியமையாதது. ஐரோப்பிய நரம்பியல் கழகங்களின் கூட்டமைப்பு இதற்கான வழிகாட்டலை 2005 இல் வெளியிட்டு, 2010 இல் திருத்தியது.

இச்சோதனை எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை. மேலும், இழைகளின் எண்ணிக்கை இயல்பாக இருந்தும் அவற்றின் செயற்பாடு கெட்டிருக்கலாம். ஆகவே, அறிகுறிகள், உடற் பரிசோதனை, ஆய்வுச் சோதனை ஆகிய மூன்றையும் இணைத்தே முடிவு செய்யப்படுகின்றது.

பிற சோதனைகள்

• வெப்பநிலையைச் சிறிது சிறிதாக மாற்றி, எந்த அளவில் சூடும் குளிரும் உணரப்படுகின்றன என்பதை அளக்கும் உணர்வு அளவீட்டுச் சோதனை
• வியர்வைச் சுரப்பிகளை ஆளும் நரம்பைச் சோதிக்கும் வியர்வைச் சோதனை
• கண்ணின் கருவிழிப் படலத்தில் உள்ள நரம்பிழைகளைக் காணும் நுண்ணோக்கிச் சோதனை

ஒத்த அறிகுறிகள் உடைய பிற நிலைகள்

தொடர்ந்து வரும் கால்வலி அனைத்தும் இந்நோய் அன்று. வலியின் இடமும் காலமும் வேறுபடுத்தி அறிய உதவுகின்றன.

• சயாட்டிக்கா: இடுப்பிலிருந்து ஒரு காலின் பின்புறமாக இறங்கும் வலி, இருமினாலும் குனிந்தாலும் மிகலாம்.
• முதுகுத் தண்டுக் குழாய்ச் சுருக்கம்: நிற்கையிலும் நடக்கையிலும் வலித்து, உட்கார்ந்தாலோ முன்சாய்ந்தாலோ தணியும்.
• தமனி அடைப்பு: குறிப்பிட்ட தொலைவு நடந்ததும் கெண்டைக்கால் வலித்து, நின்றவுடன் தணியும், புகைபிடிப்போரிடம் மிகுதி.
• அமைதியற்ற கால் நோய்: மாலையிலும் இரவிலும் காலை அசைத்தே தீர வேண்டும் என்ற உந்துதல், நடந்தால் தணியும். இரும்புச் சத்து இருப்பைச் சோதிக்க வேண்டும்.
• டி உயிர்ச்சத்துக் குறைவு: எலும்பு வலி, தொடைத் தசைத் தளர்ச்சி.
• கணுக்கால் குகை நோய்க்குறி: கணுக்காலின் உட்புறத்தில் நரம்பு அழுந்துவதால் ஒரு பாதத்தில் வரும் எரிச்சல்.
• ஃபைப்ரோமயால்ஜியா: உடல் முழுதும் பரவிய வலி, களைப்பு, உறக்கக் கேடு. 2013 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இந்நோய் உடையோரில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினரிடம் தோலில் நரம்பிழைகள் குறைந்திருக்கக் காணப்பட்டது. எனினும் இரண்டும் ஒரே நோய் எனக் கொள்ள இயலாது.

மருத்துவம்

சிகிச்சை இரு வழிகளில் அமைகின்றது. முதலாவது, காரணத்தை நீக்குதல். சர்க்கரைக் கட்டுப்பாடு, பி12 ஊசி, மது ஒழித்தல், தன்னெதிர்ப்பு நோய்க்கான மருந்து முதலியவை இதில் அடங்கும். முன்நீரிழிவு உடையோர் உணவையும் உடற்பயிற்சியையும் சீர்செய்தபோது மேற்றோல் இழைகள் ஓரளவு மீள வளர்ந்ததை 2006 இல் வெளியான ஆய்வு காட்டியது.

இரண்டாவது, வலியைத் தணித்தல். சாதாரண வலி மாத்திரைகள் நரம்பு வலிக்குப் பெரிதும் பயன்படுவதில்லை. அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின், கபாபென்டின், பிரிகாபலின் ஆகியவையே முதல் நிலை மருந்துகள். இவற்றுள் சில மனச்சோர்வு மருந்துகளாகவும் சில வலிப்பு மருந்துகளாகவும் அறியப்பட்டவை. நரம்பு வலிக்கு அவை தரப்படுவதால் நோயாளிக்கு மனநோய் உள்ளதென்றோ வலிப்பு உள்ளதென்றோ பொருளில்லை. வலிச் செய்திகளை அவை தணிப்பதே காரணம்.

இம்மருந்துகளின் பயன் அளவானது. 2015 இல் வெளியான தொகுப்பாய்வின்படி, ஒருவரது வலியைப் பாதியாகக் குறைக்க அமிட்ரிப்டிலின் வகை மருந்துகளை ஏறத்தாழ 4 பேருக்கும், பிரிகாபலினை ஏறத்தாழ 8 பேருக்கும் தர வேண்டியுள்ளது. எனவே, ஒரு மருந்து பயனளிக்காவிடில் மற்றொன்றை முயல்வது இயல்பான நடைமுறையே. குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவதும், திடீரென நிறுத்தாமையும் வேண்டும். உறக்க மயக்கம், வாய் உலர்தல், எடை கூடுதல், கால் வீக்கம் முதலியன பக்க விளைவுகள்.

மிளகாயின் காரத்திற்குக் காரணமான காப்சைசின் தடவு மருந்தாகவும், 8 விழுக்காட்டு ஒட்டுத் துணியாகவும் பயன்படுகின்றது. காரத்தையும் சூட்டையும் ஒருசேர உணரும் டி.ஆர்.பி.வி.1 என்னும் ஏற்பியை 1997 இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் கண்டறிந்தனர். இதற்காக அவர், ஆர்டெம் படபூட்டியனுடன் 2021 ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டார். உண்மையான சூடு படாமலே பாதம் "எரிவதன்" பொருளை இவ்வேற்பி விளக்குகின்றது.

காரணம் அறியா வகைக்குத் தடுப்புப் புரத ஊசி மருந்து தரப்பட்ட, 60 பேர் பங்குகொண்ட நெதர்லாந்து ஆய்வில் (2021), அது போலி மருந்தைவிடச் சிறந்த பயன் தரவில்லை. நாவ் 1.8 வாயிலை அடைக்கும் சுசெட்ரிஜின் என்னும் மருந்து 2025 சனவரியில் அமெரிக்காவில் குறுங்கால வலிக்கு ஒப்புதல் பெற்றது. அவ்வொப்புதல் நாட்பட்ட நரம்பு வலிக்கானது அன்று.

நாட்பட்ட வலியுடன் வாழ்தல்

வெளியே காயமோ வீக்கமோ தெரியாமையால், இந்நோயாளிகள் வீட்டிலும் பணியிடத்திலும் சோம்பேறி எனவும், வலியைக் கற்பனை செய்பவர் எனவும் எண்ணப்படுவதுண்டு. வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 1979 இல் தந்த வரையறையை 2020 இல் திருத்தியபோது, ஒருவர் தமக்கு வலி உள்ளதெனக் கூறுவதை மதிக்க வேண்டும் என்பதையும் குறிப்பாகச் சேர்த்தது. வலியை நேரடியாக அளக்கும் கருவி எதுவும் இல்லை; நோயாளியின் சொல்லே முதன்மைச் சான்று.

எனவே, சொல்லும் முறை முக்கியமாகின்றது. "கால் வலிக்கிறது" என்பதினும், எரிச்சலா, குடைச்சலா, குத்தலா, மரப்பா எனப் பிரித்துக் கூறுவது மருத்துவருக்குப் பெரிதும் உதவும். வலி தொடங்கிய நாள், பரவிய விதம், மிகும் நேரம், உட்கொண்ட மருந்துகள், சத்து மாத்திரைகள் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பதும், பழைய சோதனை முடிவுகளைக் காலவரிசையில் வைத்திருப்பதும் ஒரே சோதனை மீண்டும் மீண்டும் செய்யப்படுவதைத் தவிர்க்கும். காரணம் புலப்படாத நிலையிலும் சில மாதங்களுக்கு ஒருமுறை மறு ஆய்வு தேவை. தொடக்கத்தில் தெரியாத காரணம் பின்னர் வெளிப்படலாம்.

உணர்வு குன்றிய பாதத்தைக் காப்பது இன்றியமையாதது:

• நாள்தோறும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்த்தல். தேவையெனில் கண்ணாடியின் துணை கொள்ளல்
• வெறுங்காலுடன், குறிப்பாக வெயிலில் சூடேறிய தரையில், நடவாமை
• நீரின் சூட்டைக் காலால் அன்றி முழங்கையால் பார்த்தல்
• எரிச்சலைத் தணிக்கப் பனிக்கட்டி நீரில் நெடுநேரம் கால் வைக்காமை. இது தோலைப் புண்ணாக்கும்
• இறுக்கமற்ற, மூடிய காலணி அணிதல். அணியுமுன் உள்ளே கல், முள் உள்ளதா எனப் பார்த்தல்

இரவு வலி உறக்கத்தைக் கெடுப்பதும், உறக்கக் கேடு வலியைக் கூட்டுவதும் ஒரு சுழலாக அமைகின்றன. படுக்கையில் போர்வை பாதத்தில் படாதவாறு தூக்கி அமைத்தல், அளவான நடை, நீச்சல் அல்லது மிதிவண்டிப் பயிற்சி ஆகியவை துணை செய்யும். மனச்சோர்வு வலியின் விளைவாகவும் தோன்றும். அதற்குச் சிகிச்சை பெறுவது வலி பொய்யென ஒப்புக் கொள்வதாகாது. காரணம் அறியா வகை பெரும்பாலும் மெதுவாகவே வளர்கின்றது. பலரில் ஆண்டுக்கணக்கில் மாறாமலும் நிற்கின்றது. நடக்க இயலாமற் போவது அரிது.

உடனடியாக மருத்துவரை நாட வேண்டிய நிலைகள்

• கால் தசைகளில் சில நாட்களில் வளரும் தளர்ச்சி
• சிறுநீர், மலம் கழிப்பதில் திடீர்க் கட்டுப்பாட்டிழப்பு அல்லது தொடையிடுக்கு மரத்தல்
• ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும்
• கால் திடீரெனக் குளிர்ந்து வெளிறுதல்
• பாதத்தில் ஆறாத புண்

வரலாறு

1868 இல் செருமனியைச் சேர்ந்த பால் லாங்கர்ஹான்ஸ், மாணவராய் இருந்தபோதே, தங்க உப்பால் தோலுக்கு நிறமூட்டி மேற்றோலின் நரம்புகளை ஆராய்ந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயமுற்ற வீரர்களின் எரியும் நரம்பு வலியை விவரித்த வெயர் மிட்செல், 1878 இல் எரித்ரோமெலால்ஜியாவுக்குப் பெயரிட்டார். நரம்பிழைகளைத் தடிமனும் வேகமும் கொண்டு வகைப்படுத்திய ஜோசப் எர்லாங்கர், ஹெர்பர்ட் காசர் ஆகியோர் 1944 ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். 1965 இல் ரொனால்டு மெல்சாக், பாட்ரிக் வால் இருவரும் முதுகுத் தண்டில் வலிச் செய்திகள் கட்டுப்படுத்தப்படுகின்றன என்னும் வாயிற் கோட்பாட்டை முன்வைத்தனர்.

மேற்றோல் நரம்பிழைகளை எண்ணும் முறை 1990-களில் சுவீடனிலும், அமெரிக்காவின் மின்னசோட்டா, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகங்களிலும் வளர்ச்சியுற்றது. அதுவரை சான்று காட்ட இயலாதிருந்த கால் எரிச்சலுக்கு, நுண்ணோக்கியில் காணத்தக்க சான்று அதன் பின்னரே கிடைத்தது.

இவற்றையும் பார்க்க

• புற நரம்பு நோய்
• நீரிழிவு நோய்
• தொழுநோய்
• தன்னியக்க நரம்பு மண்டலம்
• வலி